தமிழ் வாசிக்கத் தொடங்கும் குழந்தைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் சின்னக் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். அதற்கு முன்பு பல வருடங்கள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். கதை முடிந்து, பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டே அம்மா அப்பாக்கள் கேட்கும் கேள்விகள் வாரா வாரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இவை பொருந்தும்.

பையனுக்கு மூணு வயசு ஆகுது. இப்பவே அ, ஆ எழுத வைக்கலாமா?

எழுத வைக்க வேண்டாம். பென்சிலைப் பிடித்து வளைவு போடும் பலம் அந்த விரல்களுக்கு இன்னும் வரவில்லை. விஜயதசமி அன்று அரிசியில் விரல் பிடித்து எழுத வைத்திருந்தால் அது நல்ல தொடக்கம். அதற்கு அடுத்த நாளே நோட்டை எடுத்து நாலு பக்கம் எழுதச் சொல்வதுதான் தவறு. மணலில் கோடு போடட்டும், மாவு பிசையட்டும், சுவரில் சுண்ணக்கட்டியால் கிறுக்கட்டும். விரல் தானாகத் தயாராகும்.

இந்த வயதில் வேலை காதுக்குத்தான். வாசிப்பு கண்ணில் தொடங்குவதாக நினைக்கிறோம், உண்மையில் அது காதில் தொடங்குகிறது. காய் நறுக்கும்போது கேளுங்கள்: "மாங்காய், மாதுளை, தக்காளி. இதில் எது வேற மாதிரி ஆரம்பிக்குது?" சொற்களைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள்: தக்-கா-ளி, மூன்று தட்டு, அம்-மா, இரண்டு தட்டு. ஒரு சொல்லுக்குள் சின்னச் சின்ன ஒலித்துண்டுகள் இருக்கின்றன என்பது குழந்தைக்குத் தெரிந்தால் போதும். எழுத்து என்பது அந்தத் துண்டுக்கு நாம் போட்ட அடையாளம்தானே.

போனிக்ஸ் போனிக்ஸ்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன? தமிழுக்கும் அது இருக்கா?

எழுத்தின் பெயரைச் சொல்லித் தராமல் அது தரும் ஒலியைச் சொல்லித் தருவதுதான் போனிக்ஸ். ஆங்கிலத்தில் இதற்குத் தேவை அதிகம். 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அது. 'சி', 'ஏ', 'டி' என்று பெயர்களை வரிசையாகச் சொன்னால் 'கேட்' என்ற பூனை வருவதே இல்லை. ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் சொல்லிச் சேர்த்தால்தான் வரும். அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை ஒலிகளை முறையாகக் கற்பிப்பது பலன் தருகிறது என்றது. இங்கிலாந்தில் 2012 முதல் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒலி வாசிப்புச் சோதனையே நடக்கிறது.

தமிழில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. 'ம' என்ற எழுத்தை 'ம' என்றே சொல்கிறோம். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என்று பெயர் சொல்லிப் படித்தார்கள். இன்றும் சில தாத்தா பாட்டிகள் அப்படிச் சொல்லித் தருகிறார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு 'ஆவன்னா' உதவாது, 'ஆ' உதவும். தமிழுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. மெய்யெழுத்து, கொம்பு, ஒரே எழுத்துக்குப் பல ஒலி ஆகியவை பின்னால் வருகின்றன.

247 எழுத்தையும் முடிச்சிட்டுத்தானே சொல்லுக்குப் போகணும்?

இல்லை. நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்பது இலக்கணக் கணக்கு. குழந்தை 247 தனித்தனி உருவங்களைக் கற்பதில்லை. உயிரெழுத்துகள், அகரமேறிய 18 எழுத்துகள், ஆய்தம், புள்ளி, கால், கொம்பு போன்ற சில குறிகள் என்று ஏறக்குறைய நாற்பது உருவங்கள் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது. உகர, ஊகார வரிசைகள் மட்டும் தனி உழைப்பு கேட்கும். ஙகர வரிசையில் 'ங்' தவிர மற்றவை சொற்களில் வருவதே அரிது. அந்த வரிசையை ஐந்து வயதுக் குழந்தை தலைகீழாக ஒப்பிக்க வேண்டிய தேவை எங்கும் இல்லை.

அட்டவணை முழுவதையும் பாட்டாகப் பாடும் குழந்தைகளை எனக்குத் தெரியும். நடுவில் ஓர் எழுத்தைக் காட்டி "இது என்ன?" என்றால் 'க'விலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் சொல்வார்கள். அட்டவணை நல்லதுதான், ஆனால் அது கடைசியில் வரட்டும். தெரிந்த எழுத்துகளையெல்லாம் அதில் கண்டுபிடித்துக் குழந்தை மகிழும்.

அப்போ எந்த எழுத்துல ஆரம்பிக்கறது?

சீக்கிரம் சொல் பிறக்கும் எழுத்துகளில். நான் ப, ட, ம மூன்றையும் புள்ளியையும் முதலில் எடுத்துக்கொள்வேன். படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். அடுத்து ஒரே ஒரு கால் சேர்த்தால் பாடம், மாடம், பாட்டம், மாமா, பாபா. பத்தே நாளில் குழந்தை சொந்தமாக ஒரு சொல்லை வாசித்துவிடுகிறது. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் அட்டவணைக்குத் திரும்ப மாட்டார்கள்.

பிறகு க, ல, ர, த, வ, அப்புறம் அ, ஆ, இ என்று நடமாட்டம் அதிகமுள்ள எழுத்துகள். கண்ணுக்கு ஒரே மாதிரி இருப்பவற்றை ஒரே வாரத்தில் தராதீர்கள். ர-வையும் காலையும், ப-வையும் ய-வையும், எ-வையும் ஏ-யையும் இடைவெளி விட்டே அறிமுகம் செய்யுங்கள். குழந்தையின் பெயரில் உள்ள எழுத்துகள் மட்டும் எந்த வரிசைக்கும் கட்டுப்படாது. எந்தக் குழந்தையும் அதைத்தான் முதலில் கற்கும், கற்கட்டும்.

எழுத்து சொல்லிக் கொடுத்தா போதாதா? தினம் கதை வாசிச்சுக் காட்டணும்னு ஏன் சொல்றீங்க?

இரண்டும் இரண்டு வேலை. எழுத்தும் ஒலியும் குழந்தைக்கு அச்சை உடைக்கும் திறமையைத் தருகின்றன. உடைத்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தருவது வாசித்துக் காட்டுதல். 'அகழி' என்று எழுத்துக் கூட்டி வாசித்த ஒரு சிறுமி என்னிடம் "அப்படின்னா?" என்று கேட்டாள். கோட்டைக் கதை ஒன்றை யாராவது அவளுக்கு வாசித்திருந்தால், வாசித்த கணத்திலேயே அந்தச் சொல் அவளுக்கு நீரும் முதலையுமாகத் தெரிந்திருக்கும். நாம் வீட்டில் பேசும்போது ஒரு நாளில் பயன்படுத்தும் சொற்கள் குறைவு; சாப்பிடு, குளி, வா, போ என்பதைச் சுற்றியே அவை வரும். அகழி, கானகம், செதில், மிதவை எல்லாம் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

பிறந்த குழந்தைக்கே வாசித்துக் காட்டத் தொடங்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014 இல் பெற்றோருக்குப் பரிந்துரைத்தது. கைக்குழந்தைக்குக் கதை புரியாது. உங்கள் குரலும் மடியும் புத்தகமும் ஒன்றாகச் சேர்ந்து மனதில் பதியும்.

எனக்கு நாடகம் மாதிரி எல்லாம் வாசிக்க வராது. எப்படி வாசிக்கணும்?

நாடகம் தேவையில்லை. மெதுவாக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். நாம் செய்தித்தாள் வாசிக்கும் வேகத்தில் குழந்தைக்கு வாசித்துவிடுகிறோம். அட்டையைக் காட்டித் தலைப்பை வாசியுங்கள். வரிக்குக் கீழே விரலை ஓட்டுங்கள், இடமிருந்து வலமாகப் போகிறது என்று குழந்தை பார்க்கட்டும். பக்கம் திருப்பும் முன் ஒரு மூச்சு நில்லுங்கள். அந்த நேரத்தில்தான் குழந்தை படத்தைப் பார்த்து யோசிக்கிறது.

கேள்வி கேட்பதில் அளவு வேண்டும். பக்கத்துக்கு ஒரு கேள்வி என்றால் அது தேர்வாகிவிடும். கதைக்கு இரண்டு கேள்வி போதும்: "இப்போ இவன் என்ன பண்ணுவான்?" என்று நடுவில் ஒன்று, "உனக்கு யாரைப் பிடிச்சது?" என்று கடைசியில் ஒன்று. தினம் பத்து நிமிடம், முடிந்தால் தூங்கும் முன். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டியதில்லை.

புத்தகத்துல 'சென்றான்'னு இருக்கு. அப்படியே வாசிக்கவா, 'போனான்'னு மாத்திச் சொல்லவா?

இது தமிழுக்கே உரிய கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் தூரமாக இருக்கின்றன. வீட்டில் 'வந்தாங்க', புத்தகத்தில் 'வந்தார்கள்'. வீட்டில் 'தண்ணி', புத்தகத்தில் 'தண்ணீர்'. 'அவன்கிட்ட' என்று கேட்டு வளர்ந்த காது, 'அவனிடம்' என்பதை முதல்முறை அச்சில் பார்க்கும்போது எழுத்து, சொல் இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் திணறும் பல பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாமல் இல்லை, அந்தத் தமிழைக் கேட்டதே இல்லை.

அதனால் என் பதில்: புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசியுங்கள், உடனே பேச்சில் ஒரு தடவை சொல்லுங்கள். "நரி காட்டுக்குள் சென்றது. நரி காட்டுக்குள்ள போயிடுச்சு." நாலாவது தடவை வாசிக்கும்போது பேச்சு வரியை விட்டுவிடலாம், குழந்தைக்கே தெரிந்திருக்கும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே சொல்லலாம், குற்றமில்லை. ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதில் முழுக் கதையையும் மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தால், எழுத்துத் தமிழ் காதில் விழும் ஒரே வாய்ப்பும் போய்விடுகிறது.

பிள்ளை வாசிக்கும்போது 'வந்தார்கள்' என்பதை 'வந்தாங்க' என்று வாசித்தால் கோபப்படாதீர்கள். அவன் பொருளைப் புரிந்துகொண்டு தன் மொழியில் சொல்கிறான். "சரிதான், இங்கே எப்படி எழுதியிருக்கு பார்" என்று விரல் வைத்துக் காட்டினால் போதும்.

ஒரே கதையை நாப்பது தடவை கேக்கறா. புதுசா வாங்கினதைத் தொடவே மாட்டேங்கறா.

நாற்பத்தோராவது தடவையும் வாசியுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கும்போது முதலில் கதை பதியும், பிறகு வரிகள், பிறகு எந்த வரி எந்தப் பக்கத்தில் என்பது. ஒரு நாள் அவளே புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பது போலச் சொல்வாள். அது மனப்பாடம்தான், ஆனாலும் அவள் விரல் சொல்லுக்குச் சொல் நகர்கிறதா பாருங்கள். நகர்ந்தால், வாசிப்பின் வாசலில் நிற்கிறாள்.

எழுத்தெல்லாம் சொல்றான். ஆனா 'பட்டம்'னு சேர்த்து வாசிக்க வரலை.

"எப்படி வாசிக்கிறான்?" என்று நான் கேட்பேன். பெரும்பாலும் பதில் "ப, இட், ட, இம்" என்றே வரும். காரணம் நாம்தான். மெய்யெழுத்துகளை இக், இங், இச் என்று சொல்லிக் கொடுக்கிறோம். தனியாகச் சொல்ல வராது என்பதால் முன்னால் ஓர் 'இ' போடுகிறோம். குழந்தை அந்த 'இ'யையும் நம்பிச் சொல்லுக்குள் வைத்துவிடுகிறது. 'ப-இட்-ட-இம்' என்பதிலிருந்து எவருக்கும் பட்டம் கிடைக்காது.

புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னால் இருக்கும் எழுத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுங்கள். பட்-டம். அம்-மா. தக்-கா-ளி. மேலே முதல் கேள்வியில் சொன்ன கைதட்டலை இங்கே எழுத்தோடு சேர்க்க வேண்டும். அட்டையில் 'பட்' ஒரு நிறத்திலும் 'டம்' இன்னொரு நிறத்திலும் எழுதினால் கண்ணும் அப்படியே பிரிக்கும். முதலில் 'ப'வை வைத்துவிட்டு, புள்ளி எழுத்துகளை மாற்றி மாற்றிப் பக்கத்தில் வையுங்கள்: பல், பண், பத், பட். சில பொருளற்றவை, பரவாயில்லை, பிள்ளைகள் அவற்றுக்குச் சிரிப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் அந்த 'இ' காணாமல் போகும்.

கு, சு, து... ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கே, இதை எப்படித்தான் ஞாபகம் வெச்சுக்கறது?

உண்மையிலேயே கடினம்தான். காலும் கொம்பும் எல்லா எழுத்துக்கும் ஒன்று. உகரம் மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. ஆனால் 18 வடிவங்களையும் கூர்ந்து பார்த்தால் மூன்று குடும்பங்கள் தெரியும். வளைந்து சுற்றுபவை: கு, டு, மு, ரு, ழு, ளு. நேராகக் கீழே இறங்குபவை: சு, பு, யு, வு, ஙு. கீழே போய் வளைந்து மேலே ஏறுபவை: து, நு, லு, ணு, று, னு, ஞு.

வாரத்துக்கு ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது குடும்பத்துக்கு ஊகாரம் சுலபம், து-வுக்குப் பின்னால் கால் வைத்ததுபோல் இருக்கும்: தூ, நூ, லூ. கூ, சூ இரண்டையும் தனியாகப் பழக்குகிறேன். கூடு, கூரை, சூடு, சூரியன் என்று சொல்லோடு சேர்த்தே காட்டுங்கள்.

'கொ'வைப் பார்த்தா கொம்பைத்தான் முதல்ல பார்க்கறா, திணறுறா.

கண் இடமிருந்து வலம் போகிறது, ஆனால் தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் முன்னும் பின்னும் நிற்கிறது. குழந்தை திணறுவது நியாயமே. கொம்பைத் தனி அட்டையாக வெட்டி 'க'வின் இடப்பக்கம் தள்ளி "கொம்பு வந்தால் காத்திரு, அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டுச் சொல்" என்று விளையாடுங்கள். கொம்பு மட்டும் என்றால் கெ, கொம்போடு காலும் என்றால் கொ. கெ, கே நன்றாகப் பழகிய பிறகே கொ, கோ. 'கௌ' அபூர்வம். அதன் பின்பாதி 'ள' போலவே இருப்பதால் குழப்பும், எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படத்தைப் பார்த்து ஊகிச்சு வாசிக்கிறான். 'முயல்'னு இருந்தா 'குட்டி முயல்'ங்கறான். திருத்தணுமா?

கதை கேட்கும் நேரத்தில் படம் பார்க்கட்டும், ஊகிக்கட்டும். அவனே வாசிக்கும் நேரத்தில் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். "நல்லாத்தான் இருக்கு, இங்கே எத்தனை சொல் இருக்கு? முதல் எழுத்து என்ன?" என்று கண்ணைச் சொல்லுக்குத் திருப்புங்கள். ஊகம் முதல் வகுப்பில் காப்பாற்றும். படங்கள் குறையும் மூன்றாம் வகுப்பில் கைவிட்டுவிடும். அவன் வாசிக்கும் புத்தகம், அவனுக்குத் தெரிந்த எழுத்துகளால் ஆனதாக இருந்தால் ஊகிக்கத் தேவையே வராது. நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகம் எவ்வளவு பெரியதாகவும் இருக்கலாம். இந்த இரண்டு வகைப் புத்தகங்களையும் ஒன்றாக்காதீர்கள்.

'காக்கா'வுல க ஒரு மாதிரி, 'தங்கம்'ல ஒரு மாதிரி, 'பகல்'ல இன்னொரு மாதிரி. எந்த ஒலியைச் சொல்லித் தர?

முதலில் 'காக்கா'வில் வரும் ஒலியை மட்டும். வல்லின எழுத்து சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் அழுத்தமாக ஒலிக்கும்: காக்கா, பாப்பா, தாத்தா. அதன் இன மெல்லெழுத்துக்குப் பின்னால் வந்தால் மென்மையாகும்: தங்கம், அம்பு, பந்து, வண்டி, மஞ்சள். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்தால் இன்னும் தளரும்: பகல், கோபம், காது, படம், பசி.

தமிழ் பேசி வளர்ந்த குழந்தைக்கு இந்த விதி வாயிலேயே இருக்கிறது. 'தங்கம்' என்ற சொல்லை அறிந்த பிள்ளை 'தங்' வரை வாசித்ததும் நாக்கு தானே சரியாகப் போகும். விதியாகச் சொல்ல வேண்டாம். 'தங்கம், சங்கு, பங்கு, நுங்கு' என்று ஒரே மாதிரிச் சொற்களை ஒன்றாக அடுக்கித் தந்தாலே காது பிடித்துக்கொள்ளும். விதிக்கு அடங்காத சொற்கள் உண்டு: பஸ், பலூன், குரு, தோசை. இவற்றை "இது இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும், வெளிநாட்டில் ஆங்கிலத்திலேயே வளரும் தமிழ்ப் பிள்ளைகளும் இங்கே அதிகம் தடுமாறுவார்கள். அவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன மூன்று இடங்களையும் தனித்தனிப் பட்டியலாக எழுதிப் பழக்குவது நல்லது.

ல, ள, ழ... எங்களுக்கே நாக்கு வராது. பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கறது?

முதலில், உங்கள் ஊர்ப் பேச்சுக்காக வெட்கப்பட வேண்டாம். 'வாளப்பளம்' என்றும் 'வாயப்பயம்' என்றும் சொல்லும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நன்றாக வாசிக்கிறார்கள், எழுதுகிறார்கள். ஆனால் காதில் வேறுபாடு விழாத எழுத்தைக் குழந்தை ஒலியை வைத்து எழுத முடியாது என்பதும் உண்மை. ஆகவே வாசிக்கும் நேரத்தில் மட்டுமாவது கொஞ்சம் மிகையாக ஒலியுங்கள். புலி, புளி. வலி, வழி. கிளி, கிழி. படம் வரைந்து "நான் எதைச் சொன்னேன், காட்டு" என்று கேளுங்கள். சொல்ல வருவதற்கு முன் கேட்க வர வேண்டும். 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சறுக்கி வழுக்கி விழுந்தான்' என்று வழக்கத்தில் உள்ள நாக்குப் பயிற்சியைப் பிள்ளைகள் அலுக்காமல் சொல்வார்கள்.

ந, ன, ண விஷயம் வேறு. ந-வுக்கும் ன-வுக்கும் இன்றைய பேச்சில் பலருக்கு வேறுபாடே கேட்காது. இங்கே காதை விட இடம் உதவும். சொல்லின் முதலில் ந: நரி, நண்டு. த-வுக்கு முன்னால் ந்: பந்து. ற-வுக்கு முன்னால் ன்: கன்று. ட-வுக்கு முன்னால் ண்: வண்டு. பழைய ஆசிரியர்கள் தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று பெயர் வைத்தது இதற்காகத்தான். பெயரிலேயே விதி இருக்கிறது. முந்நூறு போன்ற சொற்கள் விலகி நிற்கும், அவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ர-ற வேறுபாட்டையும் அரை-அறை, கரி-கறி, மரம்-மறம் என்று இணைகளாகவே பழக்குங்கள்.

ஸ்கூல்ல இங்கிலீஷ் போனிக்ஸ் நடத்தறாங்க. வீட்டுல தமிழும் சொன்னா குழம்பிடுவாளா?

குழம்ப மாட்டாள். சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரிக்கும் திறமை ஒரு மொழியில் வந்தால் மறு மொழிக்கும் கைகொடுக்கும். நன்றாகப் பேசத் தெரிந்த மொழியில் முதலில் வாசிப்பது சுலபம், வாசித்த சொல் உடனே புரிந்துவிடும். ஒரே நாளில் இரண்டிலும் புது எழுத்து தராமல் இருந்தால் போதும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். ஆங்கில ஒலிமுறையில் 'எம்' என்ற எழுத்துக்கு உதடு மூடிய 'ம்' மட்டுமே, 'ம' இல்லை. தமிழ்ப் பழக்கத்தில் நாம் 'ம', 'ப', 'ட' என்று அகரம் சேர்த்துச் சொல்லித் தந்துவிடுகிறோம், பிள்ளை 'கேட்' என்பதை 'க-ஏ-ட' என்று சேர்க்கப் பார்க்கும். ஆங்கிலத்துக்கு ஒலியை வெட்டிச் சொல்ல வேண்டும்.

தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதிக் கொடுத்தா சீக்கிரம் படிக்கிறான். அப்படியே விடலாமா?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பெற்றோர் இதைக் கேட்கிறார்கள். பாட்டின் வரியை ஒரு நாள் பாடுவதற்கு அது உதவும். வாசிக்கக் கற்பதற்கு உதவாது. ல, ள இரண்டையும், ன, ண இரண்டையும் அந்த எழுத்து பிரித்துக் காட்டாது. மேலே நாம் பாடுபட்டுக் காதில் ஏற்றிய வேறுபாடுகள் அங்கே அழிந்துபோகும். அதற்குப் பதில் வாரத்துக்கு மூன்று தமிழ் எழுத்து, அதுவும் பாட்டி தாத்தாவுக்கு அனுப்பும் குரல் செய்தியில் "இன்னிக்கு இந்தச் சொல்லை வாசிச்சேன்" என்று சொல்வதற்காக. மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்ச் சேரும்.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பாட்டிதான் பார்த்துக்கறாங்க, அவங்களுக்குப் படிக்கத் தெரியாது.

பாட்டி கதை சொல்லத் தெரிந்தவர் என்றால் உங்கள் பிள்ளைக்குப் பெரிய சொத்து இருக்கிறது. கதை கேட்பது, விடுகதைக்கு விடை தேடுவது, நாக்குப் பயிற்சி சொல்வது எல்லாமே வாசிப்புக்கான அடித்தளம். முதல் கேள்வியில் சொன்ன ஒலி விளையாட்டுகளுக்கு எழுத்தறிவு தேவையில்லை, பாட்டியே விளையாடலாம். படப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து பார்த்துப் படத்துக்குக் கதை கட்டலாம். பிள்ளை வாசிக்கத் தொடங்கியதும் பாட்டிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குறுக்கே திருத்தாமல் கடைசிவரை கேட்கும் ஒருவர் கிடைப்பது எந்தக் குழந்தைக்கும் பெரிய உதவி.

புத்தகத்துக்கு எங்கே போறது? விலை அதிகமா இருக்கே.

கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள், செலவு மிகக் குறைவு. பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. இலவசம், வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், அச்சிட்டும் கொள்ளலாம். சென்னையிலுள்ள தூலிகா தமிழிலும் இருமொழியிலும் படப் புத்தகங்கள் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை குறைவு. அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்களை வகுப்பில் கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக அமைத்திருக்கிறார்கள்.

பழைய புத்தகம் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவை வேறு வடிவில் இருக்கும். நீங்கள் வாசித்துக் காட்டலாம், தொடக்க வாசகர் கையில் கொடுக்க வேண்டாம்.

ரெண்டாம் வகுப்பு முடியப் போகுது. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். ஏதாவது பிரச்சினையா இருக்குமா?

எழுத்துக் கூட்டி வாசிப்பது மட்டும் கவலைக்குரியதல்ல. நம் எழுத்து முறையில் உருவங்கள் அதிகம் என்பதால் சரளம் வர நேரம் பிடிக்கும். நம்மைப் போன்ற எழுத்து முறையே உள்ள கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வுகளில், பிள்ளைகள் எழுத்துகள் முழுவதையும் கைக்கொள்ளப் பல வகுப்புகள் தாண்ட வேண்டியிருப்பது தெரிந்தது. பையன் மூன்று மாதத்துக்கு முன்னால் இருந்ததைவிட இன்று ஒரு படி மேலே இருக்கிறானா என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்தார்கள். இப்போது அவன் எந்த நிலையில் இருக்கிறான், கடந்த பருவத்தில் எங்கே இருந்தான் என்று ஆசிரியரிடமே கேட்கலாம்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. மாதக்கணக்கில் பழகிய எழுத்தும் மறுநாள் மறந்துபோவது. 'மரம், மாடு, மணி' மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குவதை ஏழு வயதிலும் கேட்க முடியாமல் இருப்பது. வாய்மொழியில் கெட்டிக்காரனாக இருந்து, வாசிப்பு என்றாலே வயிற்றுவலி வருவது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே சிரமம் இருந்திருப்பது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கும் பிள்ளைகள் ஒலி வேறுபாடுகளைத் தவறவிடுவதுண்டு. அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, இருக்கிறதா என்ற மதிப்பீட்டுக்குப் போங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இதற்கென்றே இயங்குகிறது. கற்றல் குறைபாடு 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பதால், சான்றிதழ் பெற்றால் பள்ளியில் உதவிகள் கேட்க உரிமை உண்டு.

சோம்பேறி என்ற சொல்லை மட்டும் அவன் காதில் விழவிடாதீர்கள். மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும் மாதங்களிலும் இரவுக் கதையை நிறுத்த வேண்டாம். அவனால் வாசிக்க முடியாத புத்தகத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வாசியுங்கள்.